நடந்தவர் அல்லர், துவைத்தவர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செவிலியராக வேலை பார்க்கிறேன். வார்டில் பெயர் சொல்லி அழைக்கும்போது அடிக்கடி என் வாயில் வரும் குடும்பப் பெயர்களுள் ஒன்று வாக்கர். இதைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது பத்து வயது மகன், "ஏம்மா, அவங்க தாத்தா ரொம்ப நடப்பாரா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஜானி வாக்கர் விஸ்கிப் புட்டியிலும் ஒருவர் கைத்தடியோடு நடந்துதான் போகிறார். காட்டைச் சுற்றி நடந்து காவல் காத்தவர்களின் பெயர் என்று உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் சொன்னார். துணி வெளுத்தவர்கள் என்று இன்னொருவர் சொன்னார். எது சரி? தொழிலால் வந்த பெயர் என்றால், நம் ஊர்ச் சாதிப் பெயரைப் போன்றதுதானா?

தங்கள் வாசகி,
லீட்ஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

துணி என்று சொன்னவர் சரியான இடத்துக்கு வெகு அருகில் வந்துவிட்டார். காட்டுக் காவலர் விளக்கம் சில பழைய நூல்களில் உண்டு என்றாலும், இந்தப் பெயரைத் தாங்கும் மிகப் பெரும்பாலோருக்கு அது பொருந்தாது. நியூகாசிலுக்கு அருகே வாக்கர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்பது அதன் பொருள். சில குடும்பங்களின் பெயர் அங்கிருந்து வந்திருக்கலாம். புட்டியில் நடக்கும் மனிதரோ 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்த விளம்பரச் சித்திரம். ஸ்காட்லாந்தின் கில்மார்னாக்கில் மளிகைக் கடை வைத்திருந்த ஜான் வாக்கருக்கும் நடைக்கும் பெயரளவு ஒலி ஒற்றுமை தவிர வேறு தொடர்பு இல்லை.

பழைய ஆங்கிலத்தில் 'வெயால்கன்' என்ற வினைக்கு உருட்டுதல், புரட்டுதல், அலைபோல் அங்குமிங்கும் ஆட்டுதல் என்று பொருள். அந்த வேலையைத் துணிக்குச் செய்தவர் 'வெயால்கரே'. வாக்கர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. காலால் நடப்பது என்ற பொருள் அந்த வினைக்குப் பின்னாளில்தான் நிலைத்தது. ஜெர்மன் மொழியில் 'வால்கன்' என்றால் இன்றும் கம்பளியை மிதித்துக் கெட்டிப்படுத்துவதுதான்.

உங்களுக்கு இந்த வேலை தெரிந்ததே. கம்பளி ஸ்வெட்டரைத் தவறிப்போய் வெந்நீரில் சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டால், குழந்தைக்குக்கூடப் போதாத அளவுக்குச் சுருங்கி, அட்டைபோலத் தடித்து வெளியே வருகிறதல்லவா? அதைத்தான் அவர்கள் வேண்டுமென்றே, அளவறிந்து செய்தார்கள். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியில் ஆட்டின் கொழுப்பும், நூற்கும்போது தடவிய எண்ணெயும் ஊறியிருக்கும். இழைகளுக்கிடையே காற்றும் மழையும் புகும். அதைத் தொட்டியிலிட்டு, நாட்பட்ட சிறுநீரையோ ஒருவகைக் களிமண்ணையோ கலந்து, மணிக்கணக்காக மிதிப்பார்கள். கம்பளி மயிரின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, துணி சுருங்கித் தடித்து, மழைக்கும் குளிருக்கும் தாங்கும் கம்பளியாகிவிடும். புளித்த சிறுநீரில் உள்ள அம்மோனியா கொழுப்பை அகற்றியது. அந்தக் களிமண் நம்மவர்களுக்கும் பழக்கமானது. முகத்தில் பூசிக்கொள்ள மளிகைக் கடையில் வாங்கும் முல்தானி மிட்டி அதே இனத்து மண்தான். பிறநாட்டு நெசவாளர் கைக்குப் போய்விடக் கூடாதென்று இங்கிலாந்து அரசு அதன் ஏற்றுமதியைச் சட்டமிட்டே தடுத்திருந்தது.

தமிழில் இதற்கு ஒரு சொல் தேட வேண்டுமென்றால், நான் 'துவைத்தல்' என்பதையே எடுப்பேன். இன்று நாம் அழுக்கு போக்குவதோடு அதை நிறுத்திக்கொண்டாலும், மிதித்தல், இடித்தல், அடித்தல் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. அம்மியில் அரைபட்ட துவையலும் அதன் பிள்ளைதான். சண்டையில் ஒருவனைத் 'துவைச்சு எடுத்துட்டான்' என்று ஊரில் சொல்வதை நினைத்துப் பாருங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கில் இதே தொழிலாளிக்கு டக்கர் என்று பெயர். அது பிறந்த 'டூசியன்' என்ற பழஞ்சொல்லுக்கு வதைத்தல் என்றே பொருள். இரு மொழிகளும் தனித்தனியே ஒரே பாதையில் போயிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

தென்கிழக்கில் இன்னொரு பெயர்: ஃபுல்லர். லத்தீனின் 'ஃபுல்லோ' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆக ஒரே வேலைக்கு மூன்று வட்டார வழக்குகள், மூன்று குடும்பப் பெயர்கள். 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பார்த்தாலும், டக்கர்கள் டெவன் பக்கமும், ஃபுல்லர்கள் சசெக்ஸ் முதல் கிழக்கு ஆங்கிலியா வரையிலும், வாக்கர்கள் உங்கள் லீட்ஸ் அடங்கிய யார்க்‌ஷயரிலும் அதைச் சுற்றியும் திரண்டிருக்கிறார்கள். உங்கள் வார்டில் வாக்கர் மிகுந்திருப்பதற்குக் காரணம் இதுதான். எக்ஸிட்டர் நகரில் 1471இல் எழுந்த டக்கர்ஸ் ஹால் என்ற தொழிற்குழு மாளிகை இன்றும் நிற்கிறது. வேல்ஸில் இந்த வேலைக்கான ஆலையைப் 'பாண்டி' என்பார்கள். டோனிபாண்டி என்ற ஊர்ப்பெயரின் பின்பாதி அதுவே.

1380களில் விக்ளிஃப் பெயரால் வழங்கும் ஆங்கில விவிலியத்தில், மாற்கு 9ஆம் அதிகாரத்தில் இயேசுவின் ஆடை எப்பேர்ப்பட்ட தொழிலாளியாலும் ஆக்கமுடியாத வெண்மை பெற்ற இடத்தில், 'ஃபுல்லர் அல்லது துணியை வாக் செய்பவர்' என்ற பொருளில் இரண்டு சொற்களையும் அடுத்தடுத்துப் போட்டிருக்கிறார்கள். எல்லா வட்டாரத்தாருக்கும் புரிய வேண்டுமே! ஏசாயா 7ஆம் அதிகாரத்தில் வரும் ஃபுல்லர்களின் நிலத்தைத் தமிழ் விவிலியம் 'வண்ணார் துறை' என்று பெயர்த்தது. துணி வெளுத்தவர்கள் என்று உங்களிடம் சொன்னவர் இந்தப் பக்கமாக யோசித்திருக்கக்கூடும். ஆனால் வாக்கரிடம் வந்தது உடுத்து அழுக்கான துணி அன்று. இன்னும் யாரும் உடுத்தாத புதுத்துணி.

பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 12ஆம் நூற்றாண்டிலேயே, நீர்ச்சக்கரம் சுழற்றும் மரச் சம்மட்டிகள் துணியை இடிக்கத் தொடங்கிவிட்டன. குடும்பப் பெயர்களோ, குறிப்பாக வட பகுதிகளில், 14ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னுமே தலைமுறை தாண்டி நிலைபெற்றன. எனவே வாக்கர் என்ற பெயரைத் தன் மக்களுக்கு விட்டுச் சென்றவர்களில் பலர், தொட்டியில் இறங்கி மிதித்தவர்களாக அல்லாமல், சம்மட்டிக்கு அடியில் துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டவர்களாகவே இருந்திருப்பார்கள். கால் விலகிய பிறகும் சொல் விலகவில்லை. அந்த ஆலைக்கும் 'வாக் மில்' என்றே பெயர் வைத்தார்கள். ஆலை எட்டாத ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களிலும் தீவுகளிலும் மனித உழைப்பு நீடித்தது. 1772இல் அங்கே சென்ற தாமஸ் பென்னன்ட் என்ற பயண எழுத்தாளர், நீண்ட பலகையின் இருபுறமும் பெண்கள் அமர்ந்து பாடியபடி ஈரத்துணியைக் கையால் தேய்ப்பதையும், கை சோர்ந்ததும் காலால் மிதிப்பதையும் எழுதி, படமும் சேர்த்திருக்கிறார்.

சாதிப் பெயரா என்று கேட்டீர்கள். இல்லை. 1379ஆம் ஆண்டு தலைவரிப் பதிவேடுகள் உங்கள் யார்க்‌ஷயர் மேற்குப் பகுதிக்கு நன்றாகவே கிடைத்திருக்கின்றன. பெயர் ஒன்றும் தொழில் வேறொன்றுமாக இருப்பவர்களை அப்போதே அவற்றில் காணலாம். வாக்கரின் மகன் கொல்லனாகலாம், கொல்லன் வீட்டில் பெண் எடுக்கலாம். பெயர் மட்டும் கூட வரும். பிறப்பால் ஒரு தொழிலில் ஒருவரைக் கட்டிப்போடுவதும், யாரோடு உண்ணலாம், யாரை மணக்கலாம் என்று விதிப்பதும் சாதியின் வேலை. அந்தக் கொடுமையை ஒரு பெயரொற்றுமையால் நாம் சிறிதாக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இந்தப் பெயரின் கதை வேறு. அங்கே 2010 கணக்கெடுப்பில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பின மக்கள். அடிமை முறையின் நிழல் அது. 1867இல் லூசியானாவில் பிறந்த சாரா பிரீட்லவ், கணவர் வழியாக இந்தப் பெயரைப் பெற்று, மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் கூந்தல் பராமரிப்புப் பொருள்களைத் தயாரித்துப் பெருஞ்செல்வம் ஈட்டினார். அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் செய்த வேலை, ஊரார் துணியைத் துவைத்துக் கொடுப்பது. 1912இல் ஒரு மாநாட்டு மேடையில், பருத்திக் காட்டிலிருந்து துவைக்கும் தொட்டிக்கு உயர்ந்தவள் நான் என்று அவரே கூறினார்.

மகனுக்குக் காட்ட ஓர் இடம் சொல்கிறேன். லீட்ஸிலேயே டெம்பிள் நியூசம் இருக்கிறது. பூங்காவும் மாளிகையுமாக நீங்கள் ஒருவேளை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். டெம்பிளர் வீரத்துறவிகள் 1185இல் தங்கள் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது, அங்கிருந்த துணி இடிக்கும் நீராலையையும் குறித்து வைத்தார்கள். இங்கிலாந்தில் அவ்வகை ஆலையைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் அதுவும் ஒன்று. போகும் வழியில், அந்தச் சுருங்கிப்போன ஸ்வெட்டர் வீட்டில் இருந்தால், அதை அவன் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.