இஎம்ஐ-யைப் பேசாதீர்கள், விலையைப் பேசுங்கள்

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி எடுத்து, சுத்துப்பட்டு ஊர்க் கடைகளுக்குப் போடுகிறோம். பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு குட்டியானை ஓடுகிறது. லோடு கூடிவிட்டதால் புது பிக்கப் எடுக்கலாம் என்று இருக்கிறோம். ஷோரூமில் வண்டி விலை 9,60,000 என்கிறார்கள். ஆன்-ரோடு 11,40,000 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். "எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டால், "மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு சொல்லுங்கக்கா, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்கிறார்கள். 8 லட்சம் லோன், ஐந்து வருஷம், 7 சதவீத வட்டி, மாதம் 18,000 என்று கணக்கும் சொன்னார்கள். பழைய வண்டியையும் அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். டிசம்பர் கடைசியில் எடுத்தால் தள்ளுபடி உண்டு என்கிறார்கள். மார்கழியில் வண்டி எடுக்கக் கூடாது என்கிறார் மாமியார். மார்க்கெட்டில் பேரம் பேசிப் பழகிய எனக்கு அந்த ஏசி ரூமில் வாயே வரவில்லை. நியாயமான விலை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: சகோதரிக்கு வணக்கம். உங்களுக்குப் பேரம் பேசத் தெரியாமல் இல்லை. எதைப் பேரம் பேசுவது என்பதை அவர்கள் மறைத்துவிட்டார்கள், அதனால்தான் வாய் வரவில்லை. மண்டியில் தக்காளிப் பெட்டி எடுக்கும்போது சரக்கு விலை வேறு, கமிஷன் வேறு, ஏற்றுக்கூலி வேறு என்று உங்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு "தினம் நூறு ரூபா கொடுங்க" என்று ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். ஷோரூமில் நடப்பது அதுதான். வண்டியின் விலை, கடன், இன்சூரன்ஸ், பழைய வண்டி என்று நான்கு பேரங்களை ஒரே முடிச்சாகப் போட்டு, அதற்கு மாதத் தவணை என்று பேர் வைத்திருக்கிறார்கள். முடிச்சை அவிழ்க்கும்வரை மாதத் தவணையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். "எவ்வளவு கட்ட முடியும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாலும், "அது எங்க பாடு தம்பி, நீங்க வண்டி விலையைச் சொல்லுங்க" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் துண்டுச் சீட்டு. அது விலைப்பட்டியல் ஆகாது. டீலரின் லெட்டர்ஹெட்டில், வண்டியின் மாடலும் வேரியன்ட்டும் எழுதி, ஒவ்வொரு செலவும் தனி வரியாக இருக்கும் கொட்டேஷன் கேளுங்கள். எக்ஸ்-ஷோரூம் விலைக்கும் (அவர்கள் சொன்ன 9,60,000) ஆன்-ரோடுக்கும் நடுவில் 1,80,000 ரூபாய் நிற்கிறது. அதில் எது அரசுக்குப் போகிறது, எது இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகிறது, எது ஷோரூமிலேயே தங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

அரசுக்குப் போவதில் பேரம் இல்லை. சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 9,60,000 ரூபாயில் சுமார் 1,46,000 வரிதான். அந்த வரிக் குறைப்பைத் தங்கள் தள்ளுபடி போல யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது எல்லோருக்கும் கிடைப்பது. (ஹார்டுவேர், சிமெண்ட் போன்ற வரி உள்ள சரக்கு விற்பவர்கள், ஜிஎஸ்டி பதிவு இருந்தால், சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம், அதாவது தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டி-யில் கழித்துக்கொள்ளலாம். பச்சைக் காய்கறிக்கு வரி இல்லாததால் உங்களுக்கு அந்த வழி இல்லை. அதனால் கொடுக்கும் விலை முழுவதும் உங்கள் கைக்காசு.) ரோடு டாக்ஸுக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் உங்கள் பேரில் ரசீது வரும். கொட்டேஷனில் "ஆர்டிஓ செலவு" என்று மொத்தமாக ஒரு தொகை இருந்தால், "ரசீதில் இருக்கும் தொகையைத்தான் கொடுப்போம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 10 லட்சத்தைத் தாண்டும் வண்டிக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். உங்கள் வண்டி விலை அதற்குள் இருப்பதால், அந்த வரி சீட்டில் இருந்தால் கேளுங்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், ஃபைல் சார்ஜ் என்ற பெயர்களில் வருவது எதுவும் அரசுக் கட்டணம் இல்லை. எடுக்கச் சொல்லுங்கள். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை 2019 ஏப்ரல் முதல் வண்டியோடு சேர்த்து உற்பத்தியாளரே தர வேண்டும். அதற்குத் தனியாகக் காசு வேண்டாம். சீட் கவர், மேட், ஸ்டீரியோ என்று ஒரு "அக்சஸரீஸ் பேக்" இருக்கும். வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை நீக்குங்கள். தள்ளுபடி கொடுக்க முடியாது என்று அடம்பிடிக்கும் ஷோரூம்கூட இந்த இடத்தில் இறங்கிவரும்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் அரசு நிர்ணயித்தது, எங்கே போட்டாலும் ஒன்றுதான். 2022 அறிவிப்பில் 7,500 கிலோ வரை மொத்த எடை உள்ள வாடகைச் சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாயும் வரியும் என்று வைத்தார்கள். மற்றதெல்லாம், அதாவது சொந்தச் சேதத்துக்கான பகுதியும் கூடுதல் கவர்களும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷோரூம் சொல்லும் இடத்தில்தான் போட வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. வெளியே இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்கி மேஜையில் வையுங்கள். பெரும்பாலும் அந்த விலைக்கே போட்டுத் தருவார்கள். ஆனால் மலிவாக இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். ஐடிவி, அதாவது இன்சூரன்ஸுக்காக வண்டிக்குப் போடும் மதிப்பு, புது வண்டிக்கு வண்டிக் கம்பெனியின் பட்டியல் விலையில் 95 சதவீதமாக இருக்க வேண்டும். அதைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் குறையும், வண்டி தொலைந்தால் கிடைக்கும் தொகையும் குறையும். இன்னொன்று: சரக்கு வண்டியின் சாதாரண பாலிசியில், சின்ன விபத்தில் அடிபடும் லைட், பம்பர், மட்கார்டு, டயர், பெயின்ட் எல்லாம் சேராது. ஐஎம்டி-23 என்ற கவர் சேர்த்தால்தான் கிடைக்கும். விடிகாலை மார்க்கெட் நெரிசலில் ஓடும் வண்டிக்கு அதைச் சேர்த்தே போடுங்கள். இங்கே காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அடுத்தது கடன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான். 8 லட்சம், 7 சதவீதம், 18,000 என்று சொன்னார்களே, அந்த 7 சதவீதம் ஃபிளாட் வட்டி. 8 லட்சத்துக்கு 7 சதவீதம் வருஷத்துக்கு 56,000. ஐந்து வருஷத்துக்கு 2,80,000. அசலோடு சேர்த்து 10,80,000. அதை 60-ஆல் வகுத்தால் 18,000. கணக்கு சரிதான். ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். நான்காம் வருஷம் பாதிக்கு மேல் அடைத்த பிறகும் முழு 8 லட்சத்துக்கே வட்டி போடும் கணக்கு அது. பேங்க் பேசும் குறையும் இருப்பு வட்டியில் (மிச்சம் இருக்கும் அசலுக்கு மட்டும் போடும் வட்டி) இதையே சொன்னால் சுமார் 12.5 சதவீதம். அதே 8 லட்சத்தை ஒரு பேங்க் 10 சதவீதம் குறையும் இருப்பு வட்டியில் கொடுத்தால் தவணை சுமார் 17,000. காதில் விழும்போது 7 மலிவு, 10 அதிகம். கட்டி முடிக்கும்போது 10-க்கு வாங்கியவர் கையில் 60,000 ரூபாய் மிச்சம் இருக்கும். ஷோரூமில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மல்லுக்கட்டினாலும் வண்டி விலையில் அவ்வளவு குறைப்பது கஷ்டம்.

எனவே ஷோரூமுக்குப் போகும் முன்பே, உங்கள் கணக்கு இருக்கும் பேங்கில் கேட்டுவிடுங்கள். சிறுதொழிலுக்கான முத்ரா கடனில் சரக்கு வண்டியும் வரும். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இல்லை என்றால் இணையத்தில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். பேங்க் இழுத்தடித்து, கடைசியில் ஃபைனான்ஸ் கம்பெனியிடமே வாங்கும்படி ஆனாலும் பரவாயில்லை. கையெழுத்துப் போடும் முன் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் என்ற தாளைக் கேளுங்கள். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2024 அக்டோபர் முதல் தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். அதில் ஏபிஆர் என்று ஒரு சதவீதம் இருக்கும். பிராசஸிங் கட்டணம் முதலான எல்லாச் செலவையும் சேர்த்த உண்மையான வட்டி அதுதான். இரண்டு கடனை ஒப்பிட வேண்டுமானால் அந்த ஒரு எண்ணை ஒப்பிட்டால் போதும். முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதே தாளில் பாருங்கள். கடன் பிடித்துக் கொடுத்தால் ஷோரூமுக்கு ஃபைனான்ஸ் கம்பெனி கமிஷன் தரும். "மாசம் எவ்வளவு?" என்று அவ்வளவு ஆர்வமாகக் கேட்பதன் காரணம் இதுதான்.

இப்போது வண்டி விலை. ஒரே கம்பெனிக்குத் திண்டுக்கல்லில், உடுமலையில், திருப்பூரில் வேறு வேறு டீலர்கள் இருப்பார்கள். வேறு ஊரில் வாங்கினாலும் உங்கள் ஆர்டிஓ-விலேயே பதிவு செய்யலாம். ஒரே வேரியன்ட்டுக்கு இரண்டு டீலரிடமாவது எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். போட்டிக் கம்பெனி பிக்கப்புக்கும் ஒன்று வாங்கினால் இன்னும் நல்லது. நியாயமான விலை என்று எங்கும் அச்சடித்து வைத்திருக்கவில்லை; உங்களைத் தெரியாத இரண்டு மூன்று பேர் எழுதிக் கொடுத்த தொகைகளில் மிகக் குறைந்தது எதுவோ, அங்கிருந்துதான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். அப்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "தம்பி, வரி, இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேர்த்து, கையில எவ்வளவு கொடுத்தா வண்டி வெளிய வரும்? ஒரே நம்பரா எழுதிக் கொடுங்க." கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். மேனேஜரிடம் கேட்டு வருகிறேன் என்று எழுந்து போவார், போகட்டும். அன்றைக்கே முடிவு சொல்லாமல், "வீட்ல பேசிட்டு வர்றோம்" என்று கிளம்புங்கள். மறுநாள் அவர்களே கூப்பிடுவார்கள்.

ஆனால் கடைசி ரெண்டாயிரம் மூவாயிரத்துக்காக எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஷோரூமுக்குப் போக வேண்டாம் என்பது என் எண்ணம். வண்டி ஒரு நாள் சர்வீஸில் நின்றால் அன்றைய வியாபாரம் போச்சு. பக்கத்தில் ஒழுங்கான சர்வீஸ் சென்டர் உள்ள டீலர் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். பேசிக்கொண்டிருக்கும் அந்தத் தம்பியும் மாதத்துக்கு இத்தனை வண்டி என்ற டார்கெட்டில் ஓடுகிறவர்தான். கேட்க வேண்டியதைக் கேளுங்கள், மரியாதை குறையாமல் கேளுங்கள்.

மார்கழி பற்றி: உங்கள் மாமியார் போல நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால்தான் ஆடியிலும் மார்கழியிலும் ஷோரூம் காற்றாடுகிறது. அப்போது பேச்சு உங்கள் பக்கம் சாயும். மார்கழியில் டிசம்பர் கடைசியும் சேர்ந்துகொள்கிறது. வருஷம் திரும்பினால் ஸ்டாக்கில் இருப்பது "போன வருஷ வண்டி" ஆகிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் அந்தத் தள்ளுபடி பெரும்பாலும் அந்த மாதத்துக்குள் பில் போட்டால்தான் உண்டு. விலையைப் பேசி, பில்லையும் பதிவையும் டிசம்பரில் முடித்து, பூஜை போட்டு வண்டி எடுப்பதைத் தை முதல் நாளுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸில் ரெண்டு வாரம் வீணாகும், அவ்வளவுதான். அதோடு, டிசம்பரில் எடுக்கும் வண்டிக்கு அந்த வருஷம்தான் ஆர்சி-யில் ஏறும். பின்னால் விற்கும்போது ஒரு வருஷம் பழையதாகத் தெரியும். தள்ளுபடி அதை ஈடுகட்டுகிற அளவுக்கு இருக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டுகிற உங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய நஷ்டம் இல்லை.

புக்கிங் ஃபாரத்தில் "டெலிவரி அன்றைய விலை" என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கக்கூடும். அதற்குப் பக்கத்திலேயே பேசிய தொகை, தள்ளுபடி, டெலிவரி தேதி, தயாரிப்பு மாதம் எல்லாவற்றையும் எழுதி, சீல் வைத்து வாங்குங்கள். பணத்தை டீலரின் பேங்க் கணக்குக்கு மட்டும் போடுங்கள்; விற்பனைப் பையனின் ஜிபே நம்பருக்கு அனுப்பாதீர்கள். மார்க்கெட் பணம் ரொக்கமாகக் கையில் இருக்கும், தெரியும். ஆனால் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. டெலிவரிக்கு முன், பில்லில் உள்ள சேஸிஸ் நம்பரை வண்டியோடு ஒத்துப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3525 என்றால் 2025-இன் 35-ஆவது வாரம். ஐந்து டயரிலும் பார்த்தால் வண்டி எவ்வளவு நாள் யார்டில் நின்றது என்று ஓரளவு புரிந்துவிடும்.

கடைசியாகப் பழைய வண்டி. புது வண்டியின் விலை எழுத்தில் வரும்வரை அதைப் பற்றி வாய் திறக்காதீர்கள். "எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000" என்று ஒரு கையால் கொடுத்து, வண்டி மதிப்பில் 30,000-ஐ இன்னொரு கையால் எடுத்துவிடுவது சுலபம். ஒட்டன்சத்திரத்திலேயே குட்டியானை தேடுகிறவர்கள் இருப்பார்கள். முதலில் மார்க்கெட்டில் விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூமுக்கே கொடுத்தாலும், வெளியில் விற்றாலும், பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். ஆர்சி உங்கள் வீட்டுக்காரர் பேரில் இருக்கும்வரை, அந்த வண்டி யார் கையில் ஓடி விபத்து நடந்தாலும் இழப்பீட்டு வழக்கு அவர் பேருக்குத்தான் வரும். 2018-இல் உச்ச நீதிமன்றமும் பதிவுள்ள உரிமையாளரே பொறுப்பு என்று சொல்லியிருக்கிறது. வண்டியைக் கொடுத்த தேதியும் நேரமும் எழுதி ரசீது வாங்குங்கள். பேர் மாறிய ஆர்சி-யின் நகல் உங்கள் கைக்கு வரும்வரை வாரம் ஒரு முறை ஷோரூமுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருங்கள்.