போத்தல் ஏன் நிறைந்தபடியே திரும்பி வருகிறது?

கேள்வி: மகளுக்கு 13 வயது. காலையில் ஒரு லீட்டர் தண்ணீர் கொடுத்துவிடுகிறேன். ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது போத்தல் அப்படியே இருக்கிறது. ஏசியும் பார்த்துவிட்டேன். (ஒரு தாய், கோண்டாவில்)

ஏச வேண்டாம் அம்மா. ஏன் குடிக்கவில்லை என்று ஒருக்கால் ஆறுதலாகக் கேட்டுப் பாருங்கள். சலக்கடுப்போடு என்னிடம் வரும் பெண்பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் முதலில் நிலத்தைப் பார்ப்பார்கள். அப்புறம், "அங்கே ரொய்லெட்டுக்குப் போக ஏலாது டொக்டர்" என்பார்கள். கதவுக்குக் கொண்டி இல்லை, வாளியில் தண்ணீர் இல்லை. மாதவிலக்கு நாளில் இன்னும் கரைச்சல். குடித்தால் போகவேண்டி வரும், அதனால் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள். காலை முதல் மத்தியானம் வரை சலத்தை அடக்கிக்கொண்டிருந்தால் கிருமி பெருக இடம் கொடுக்கிறோம். தலையிடி, மலச்சிக்கல் எல்லாம் பின்னால் வரும்.

நாலு தாய்மார் சேர்ந்து வகுப்பாசிரியரிடம் போங்கள். ஒரு கொண்டியும் ஒரு வாளியும் பெரிய செலவில்லை. அதுவரை, விடிய எழும்பியவுடன் ஒரு கிளாஸ், வெளிக்கிட முன் சலம் போவது, இடைவேளையில் நாலைந்து மிடறு, வீட்டுக்கு வந்தவுடன் பெரிய கிளாஸ் ஒன்று. சலம் எரிந்தால், காய்ச்சல் இருந்தால் வைத்தியரிடம் காட்டிப் பரிசோதியுங்கள்.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. இவருக்குக் கிட்னியில் கல் வந்ததே அதனால்தான் என்கிறார்கள். இப்போது தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறார். (சுன்னாகம்)

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்துவிட்டு, உடம்புக்குள்ளும் அப்படித்தான் படியும் என்று நினைக்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. ஆனால் கேத்தலில் நடப்பதும் சிறுநீரகத்தில் நடப்பதும் ஒன்றல்ல. பெரும்பாலும் கல் கட்டுவதற்கு வழிவிடுவது, குடிப்பது குறைந்து சலம் தடிப்பதுதான். பயந்து குடியாமல் விட்டால் அடுத்த கல்லுக்கு நாமே இடம் போட்டுக் கொடுக்கிறோம். கல் வந்தவருக்கு நாளுக்கு 2.5 லீட்டர் சலம் போகவேண்டும். அதற்கு ஏறக்குறைய 3 லீட்டர் குடிக்க வேண்டும், வெயில் நாளில் இன்னும் கூட. சலம் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, தேத்தண்ணி நிறமென்றால் போதாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடைய விட்டு, மேலே தெளிந்ததை எடுங்கள். உப்பைக் குறையுங்கள். சுண்ணாம்புச்சத்து இருக்கிறதென்று பயந்து பால், நெத்தலியை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: நாளுக்கு 5 தேத்தண்ணி குடிக்கிறேன். தண்ணீர்க் கணக்கில் சேருமா?

சேரும். ஆனால் இரண்டு கரண்டிப்படி போட்டால் 10 கரண்டி சீனியும் சேர்கிறது. பனங்கட்டியைக் கடித்துக் குடித்தாலும் சீனி சீனிதான். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து வீணாகாது.

கேள்வி: விடிய ஒரு தேத்தண்ணியோடு தோட்டத்துக்குப் போனால் 11 மணிக்குத்தான் வருவேன். இடையில் தாகமே வருவதில்லை. ஆனால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. (உரும்பிராய்)

கழற்றிப் போட்ட சேட்டின் முதுகுப்புறத்தை ஒருக்கால் பாருங்கள் ஐயா. வெள்ளைக் கோடு கோடாகக் காய்ந்திருக்கும். அது உங்கள் உடம்பிலிருந்து போன உப்பு. சித்திரையில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கிறது. தாகம் வரும்வரை பார்த்திருந்தால் பிந்திவிடும். போக முன் இரண்டு கிளாஸ் குடியுங்கள். இறைக்கிற மிசினடியில், நிழலாகப் பார்த்துப் போத்தலை வைத்துவிட்டு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கிளாஸ். 10 மணிக்குப் பழஞ்சோற்றுத் தண்ணீரில் உப்பும் மோரும் விட்டு, வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தால் இழுப்பும் குறையும். பிரஷர் உள்ளவர்கள் உப்பைக் கூட்டமுன் வைத்தியரிடம் கேளுங்கள். வெயிலில் நிற்கும் ஒருவர் உடம்பு கொதித்து, மாறாட்டமாகக் கதைத்தால் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு.

கேள்வி: அம்மாவுக்கு 78. இரவில் எழும்ப வேண்டி வருமென்று மத்தியானத்துக்குப் பிறகு ஒரு சொட்டும் குடிப்பதில்லை.

வயது போகத் தாகம் தெரிவது குறையும், அதோடு இந்தப் பயமும். உங்கள் வீட்டில் கக்கூஸ் வளவின் பின்பக்கமா? அப்படியென்றால் அம்மாவின் பயம் நியாயமானது. போகிற வழிக்கு ஒரு லைற் போடுங்கள், கட்டிலருகே ஒரு சட்டி வையுங்கள். காலையிலிருந்து பின்னேரம் 4 மணிக்குள், மூக்குப்பேணியில் அரைவாசி அரைவாசியாக நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். சலம் போகக் குளிசை எடுத்தால் அதைக் காலையிலேயே எடுக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. கிளினிக்கில் சொன்ன அளவுதான். சிறுநீரக நோயாளருக்குக் கேட்காமல் இளநீர் கொடுக்கக் கூடாது, அதில் பொற்றாசியம் கூட.

கேள்வி: குழந்தைக்கு 4 மாதம். வெக்கைக்கு நாக்கு வறளும், கொதித்தாறிய தண்ணீர் கொடு என்கிறார் மாமி.

வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பாலிலேயே தேவையான தண்ணீர் இருக்கிறது. குடிக்க வேண்டியவர் நீங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு செம்பு இருக்கட்டும். பால்மா கரைக்கும் வீடுகளுக்கு ஒன்று: தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிணறுகளில் பசளையால் நைத்திரேற்று ஏறியிருக்கும். லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் கைக்குழந்தைக்கு ஆபத்து, உதடு நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் அது போகாது, வற்ற வற்றக் கூடும். கிணற்றைப் பரிசோதிக்காமல் அந்தத் தண்ணீரில் கரைக்காதீர்கள். மாமியிடம் நேரே சொல்லக் கஷ்டமென்றால், அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருத்துவமாது சொன்னால் கேட்பார்.