ஸ்டென்ட் திறந்தே இருக்கிறது, வலி ஏன் வருகிறது?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 54. ஏற்காட்டில் காபி எஸ்டேட் ரைட்டர். நான்கு மாதத்துக்கு முன் சேலத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். பகலில் மேடு ஏறினால்கூட ஒன்றும் செய்வதில்லை. விடியற்காலை 4 மணிக்கு நெஞ்சு இறுக்கி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்; பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது. மறுபடி ஆஞ்சியோ எடுத்ததில் ஸ்டென்ட் நன்றாக இருக்கிறதாம். 'ஸ்பாஸம்' என்று டில்டியாசம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்தது வீணா?
- வாசகி, ஏற்காடு

பதில்: வீணில்லை. ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாய்க்குள் வைக்கும் சின்ன வலைக்குழாய்; கொழுப்படைப்பை ஒதுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். அதை அடுத்துள்ள குழாயின் தசை சுருங்குவதை அதனால் தடுக்க முடியாது. மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தபின், முக்கியமாக அதன் கீழ்முனையை ஒட்டிய இடத்தில், ரத்தக்குழாயின் உட்படலம் சரியாக வேலை செய்யாமல் போவதுண்டு. விரிய வேண்டிய குழாய் சுருங்கும்; இதுதான் ஸ்பாஸம். நடக்கும்போது வராமல், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே படுத்திருக்கையில் வலி வருவது ஸ்பாஸத்தின் குணம். இறுக்கம் விட்டபின் எடுத்த இசிஜி பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். வலிக்கும்போதே எடுத்தால் இசிஜி கோட்டில் 'எஸ்டி' என்கிற பகுதி தூக்கியிருப்பது பிடிபடலாம்.

குழாயைத் தளர்த்தும் டில்டியாசத்தை வலி இல்லாத நாளிலும் போட வேண்டும். இரவு வேளை இருந்தால் அதை விடவே கூடாது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் இறுக்கம் திரும்பும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்: கை நடுக்கத்துக்கான ப்ரோப்ரனலால், ஒற்றைத் தலைவலிக்கான எர்காட்டமின், சுமாட்ரிப்டான் எல்லாம் ஸ்பாஸத்தைக் கிளப்பக்கூடியவை. பீடி, சிகரெட் இருந்தால் மாத்திரை மட்டும் என்ன செய்யும்? மார்கழிக் குளிரில் பச்சைத்தண்ணீர்க் குளியலும் வேண்டாம்.

வலி வந்தால் உட்காரவைத்து, டாக்டர் எழுதிக் கொடுத்த சார்பிட்ரேட் 5 மி.கி.யை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். நின்றுகொண்டு வைத்தால் தலைசுற்றி விழலாம். ஆண்மைக் குறைவுக்கான சில்டனாஃபில் போட்டு 24 மணி நேரம், டடாலாஃபில் போட்டு 48 மணி நேரம் ஆகாவிட்டால் சார்பிட்ரேட்டைத் தொடவே கூடாது. 5 நிமிடத்தில் விடாவிட்டாலும், வியர்வை, மயக்கம் வந்தாலும் உடனே 108. 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டிய ஊரில் 'விடியட்டும்' என்று காத்திருக்கக் கூடாது. ஸ்டென்டில் ரத்தம் உறைந்தாலும் இதே வலிதான். வீட்டிலிருந்தபடி பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரலையும் ஒரு வேளைகூட விடக் கூடாது.

கேள்வி: சுருங்கும் இடத்தில் இன்னொரு ஸ்டென்ட் வைத்துவிட்டால்?
- வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: அங்கே கொழுப்படைப்பு இல்லையென்றால் வேண்டாம். இறுக்கம் புது ஸ்டென்டின் முனைக்கோ வேறு குழாய்க்கோ நகரும், மாத்திரையும் நிற்காது.