பக்கத்து ஊர்க் கடல்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்குமேல் கடலோர ஊர்களைப் பற்றி. ஒரே ஆள் வெவ்வேறு கையெழுத்தில் எழுதிப் போட்டாரோ என்று ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. இருந்தாலும் கேள்விகள் நல்ல கேள்விகள்.

கேள்வி: அடுத்தடுத்து இரண்டு கடலோர ஊர்கள். அதே கடல், அதே காற்று. ஆனால் ஒரு ஊர்க்காரருக்கு இன்னொரு ஊரைக் கண்டாலே ஆகாது. ஏன் இப்படி?

அதே கடல், அதே காற்று என்பதால்தான். எங்கோ தொலைவில் இருப்பவரோடு நமக்கு என்ன வம்பு வரப்போகிறது? இது பங்காளிச் சண்டை. உளவியல் அறிஞர் ஃப்ராய்டு இதற்கு ஒரு பெயர் வைத்தார், 'சின்ன வித்தியாசங்களின் மேல் வரும் சுயமோகம்' என்று. எல்லையை ஒட்டி வாழ்கிற, பல விதத்தில் ஒன்றுபோலவே இருக்கிற மக்கள்தான் ஓயாமல் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்கிறார்கள் என்பது அவர் கவனித்தது. கடலோரத்தில் இன்னொன்றும் உண்டு. உள்நாட்டு ஊருக்கு நாலு பக்கமும் அண்டை ஊர் இருக்கும், கோபத்தைப் பங்கிட்டுக் கொடுக்கலாம். கடலோர ஊருக்கு ஒரு பக்கம் தண்ணீர், முறைக்க இடமும் வலமும்தான் மிச்சம். (இது ஃப்ராய்டு சொன்னதல்ல, என் சொந்தச் சரக்கு.)

இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டனும் ஹோவும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. ஹோவ்காரரிடம் "பிரைட்டனிலா இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "ஹோவ், ஆக்சுவலி" என்பாராம். அந்த 'ஆக்சுவலி'யில்தான் மொத்த ஊர்ப் பெருமையும் இருக்கிறது. 1997இல் இரண்டையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். ஜோக் மட்டும் இன்னும் போகவில்லை.

கேள்வி: அப்படியானால் இரண்டு ஊரையும் சேர்த்து ஒரே நகராட்சி ஆக்கிவிட்டால் தகராறு தீர்ந்துவிடுமே?

காகிதத்தில் தீரும். அதே தென்கரையில் போர்ன்மத், கிரைஸ்ட்சர்ச், பூல் என்று மூன்று ஊர்கள். மூன்றையும் சேர்க்கலாம் என்று பேச்சு வந்தபோது, இருப்பதில் சின்னதான கிரைஸ்ட்சர்ச் 2017இல் தன் மக்களிடம் ஓட்டுக் கேட்டது. வாக்களித்தவர்களில் 84 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த ஓட்டு யாரையும் கட்டுப்படுத்தாது என்பதால் 2019 ஏப்ரல் 1 அன்று மூன்றும் ஒன்றாகிவிட்டன. தேதியைப் பாருங்கள், யாரும் யோசித்து வைத்த மாதிரி தெரியவில்லை. அப்புறம் அந்த ஊர் தனக்கென்று ஒரு சின்ன டவுன் கவுன்சிலை அமைத்துக்கொண்டது. அதிகாரம் கொஞ்சம்தான், ஆனால் பலகையில் கிரைஸ்ட்சர்ச் என்ற பெயர் இருக்கிறது.

செலவு மிச்சமாகும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் குப்பை வண்டியைப் பொதுவாக வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறவர்கள் ஊர்ப் பெயர் என்று வந்தால் இறங்கி வர மாட்டார்கள், அதை வீம்பு என்று தள்ளிவிடுவதும் சரியில்லை.

கேள்வி: ஊர்ப் போட்டியால் யாருக்காவது ஒரு நன்மை நடந்திருக்கிறதா? ஒரே ஒரு உதாரணம் சொல்லுங்கள் பார்ப்போம்.

போட்டியால் நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு ஊரும் 'எங்கள் படகு' என்று ஒன்றை வைத்துப் பராமரித்ததால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் வடமேற்கில் ரிப்பிள் என்ற ஆறு கடலில் கலக்கிறது. முகத்துவாரத்தின் வடகரையில் லிதம், செயின்ட் ஆன்ஸ். தென்பக்கம் சவுத்போர்ட். அந்தக் காலத்தில் மூன்று ஊரிலும் உயிர்காப்புப் படகு இருந்தது, அதை ஓட்டியவர்கள் அந்தந்த ஊர் ஆட்கள்.

1886 டிசம்பர் 9 இரவு, நல்ல புயல். 'மெக்ஸிகோ' என்ற ஜெர்மன் பாய்மரக் கப்பல் அங்கே மணல்திட்டில் மாட்டிக்கொண்டது. மூன்று ஊர்ப் படகுகளும் கிளம்பின. இயந்திரம் ஏதும் கிடையாது, எல்லாம் துடுப்புதான். சவுத்போர்ட் படகு கவிழ்ந்தது, 16 பேரில் 14 பேர் இறந்தார்கள். செயின்ட் ஆன்ஸ் படகு மறுநாள் தலைகுப்புறக் கிடைத்தது, போன 13 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. லிதம் படகு கப்பலை அடைந்து, அதிலிருந்த 12 பேரையும் உயிரோடு கொண்டுவந்தது. அந்தப் படகுக்கு அதுதான் முதல் மீட்பு. முன்பின் தெரியாத 12 வெளிநாட்டு மாலுமிகளுக்காக ஒரே இரவில் 27 உள்ளூர்க்காரர்கள் போய்விட்டார்கள். பிரிட்டனின் உயிர்காப்புப் படகு வரலாற்றிலேயே அதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

பிறகு நடந்ததும் முக்கியம். செயின்ட் ஆன்ஸில் வசித்த சார்லஸ் மக்காரா என்ற பருத்தி ஆலை முதலாளி, கடலோர மக்கள் மட்டும் இதைச் சுமப்பது நியாயமில்லை என்று சொல்லி, 1891இல் கடலே இல்லாத மான்செஸ்டர் நகரத் தெருக்களில் படகுகளை ஊர்வலமாக விட்டு நிதி திரட்டினார். தெருவில் உண்டியல் ஏந்தி நன்கொடை கேட்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது என்று சொல்வார்கள். இந்தப் படகுகளை நடத்தியது 1824இல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. என்ற தொண்டு நிறுவனம். இன்றும் அதன் படகுகளில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள்.

லிதமும் செயின்ட் ஆன்ஸும் 1922இல் ஒன்றானபோது, இரண்டு பெயரையும் சேர்த்தே 'லிதம் செயின்ட் ஆன்ஸ்' என்று வைத்துக்கொண்டார்கள்.

கேள்வி: பக்கத்து ஊர்க்காரர்கள் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டிவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் கரை கரைகிறது. வேண்டுமென்றே செய்கிறார்களா?

வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். தங்கள் கரை நின்றால் போதும் என்று நினைத்திருப்பார்கள், உங்கள் ஞாபகம் வந்திருக்காது.

ஒரே ஒரு மணல் துகளைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். அலை பெரும்பாலும் கரைக்குச் சாய்வாக வருகிறது, துகளையும் சாய்வாக மேலே ஏற்றுகிறது. திரும்பும் தண்ணீரோ நேராகக் கீழே இழுக்கிறது. அடுத்த அலை மறுபடி சாய்வாக. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி அந்தத் துகள் கரையோரமாகவே பயணம் போகிறது. நீங்கள் 'எங்கள் மணல்' என்று சொல்வது போன மாதம் பக்கத்து ஊரில் இருந்த மணல், கொஞ்ச நாளில் அதற்கடுத்த ஊருக்குப் போகப்போகிறது. நடுவில் தூண்டில் வளைவு மாதிரி ஒரு கல் சுவர் வைத்தால், மணல் வரும் பக்கம் கரை அகலும். மறுபக்கத்துக்கு வரத்து நின்றுவிடும், ஆனால் அலை அரிப்பது நிற்காது.

அமெரிக்காவில் மேரிலாந்தின் ஓஷன் சிட்டியில் இது பாடப்புத்தகம் மாதிரி நடந்தது. 1933இல் ஒரு புயல் ஊரின் தென்கோடியில் கரையைப் பிளந்து புது வாய் திறந்துவிட்டது. படகு போக வர வசதி என்று அதன் இரண்டு பக்கமும் கல் சுவர் கட்டினார்கள். வடக்கிலிருந்து வந்த மணல் ஓஷன் சிட்டிப் பக்கம் தேங்கியது. தெற்கே அசட்டீக் தீவின் வடமுனை மணல் வரத்தில்லாமல் தேய்ந்து, நிலப்பக்கமாகப் பின்வாங்கிப் போனது. இப்போது கப்பலில் மணலை அள்ளிக்கொண்டுபோய்த் தீவுப் பக்கம் போடுகிறார்கள்.

ஆகவே பக்கத்து ஊர் அலுவலகத்தில் போய்க் கத்திப் பயனில்லை. உங்கள் ஊருக்கும் ஒரு சுவர் கேட்டு வாங்கிவிடாதீர்கள், பிரச்சினை மூன்றாவது ஊருக்குப் போகும், அவ்வளவுதான். இங்கிலாந்து, வேல்ஸ் கடற்கரையை மணல் ஓட்டத்தை வைத்து 11 பெரும் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள், கரை மேலாண்மைத் திட்டங்களை நகராட்சி எல்லையைப் பார்க்காமல் அதை ஒட்டித்தான் போடுகிறார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுக் கேட்கவேண்டியது அந்த மாதிரி ஒன்றை.

கேள்வி: கடற்கரை சுத்தம் செய்கிறோம் என்று வருகிறார்கள், கையுறை போட்டுப் போட்டோ எடுக்கிறார்கள், அடுத்த மாதம் ஆளையே காணோம். எப்படித் தக்கவைப்பது?

பொறுக்குகிற குப்பையை எண்ணி எழுதச் சொல்லுங்கள். ஒருமுறை நானும் இப்படிப் போட்டோ ஆசையில் போனவன்தான். அங்கே ஒரு பெரியவர் ஒரு கை நீளத்துக்குக் கைத்தடியால் மணலில் சதுரம் போட்டு, "இதுக்குள்ள இருக்கிறதை மட்டும் பொறுக்கி எழுதுங்க தம்பி" என்றார். அலை விட்டுப்போன கோட்டின் மேல் அந்தச் சதுரம். சுத்தமாகத்தான் தெரிந்தது. குந்தி உட்கார்ந்த பிறகு பார்த்தால் பாட்டில் மூடி 7, சிகரெட் துண்டு 11, தெர்மாகோல் உருண்டை எண்ணி முடியவில்லை, அப்புறம் பச்சை நைலான் நூல் ஒன்று, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அடுத்த மாதம் அதே இடத்தில் எத்தனை இருக்கும் என்று தெரிந்துகொள்ளவே மறுபடி போனேன்.

1986இல் டெக்சாஸில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய கடற்கரைத் துப்புரவு இயக்கமும் இப்படித்தான். பொறுக்கியதை வகை பிரித்து அட்டையில் குறிக்கவேண்டும் என்று முதல் நாளே வைத்துவிட்டார்கள். பக்கத்து ஊர் எண்ணிக்கையையும் உங்களுடையதையும் ஒரே பலகையில் எழுதிப் போடுங்கள். யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.

கேள்வி: கடலோர ஊர் ஒன்றுக்குக் குடிவந்து இருபது வருடம் ஆகிறது. இன்னும் 'வந்தவங்க' என்றே சொல்கிறார்கள். எப்போதுதான் ஊர்க்காரர் ஆவேன்?

ஊர்ப் பேச்சு நடக்கும் இடத்தில் பக்கத்து ஊரைப் பற்றி யாராவது குறை சொல்லும்போது, "அவங்க எப்பவுமே அப்படித்தான்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். யாராவது நகர்ந்து இடம் கொடுத்தால் வேலை முடிந்தது.