கேள்வி - பதில்: ஆசையும் சலிப்பும்

வாசகி, வெள்ளவத்தை: ஜெர்மன் மெய்யியலாளர் ஷோப்பன்ஹவரைப் படித்த பின் வாழ்க்கைக்குப் பொருளே இல்லை என்ற எண்ணம் விடமாட்டேன் என்கிறது. அவர் சொல்வது சரியென்றால் எதற்காக வாழ வேண்டும்?

அவருடைய வாதத்தைக் கண்ணி கண்ணியாகக் கழற்றிப் பாருங்கள். ஆசை ஒரு குறை. குறை இருக்கும்வரை நோவு. நிறைவேறினால் நோவு ஓய்கிறது, அவ்வளவுதான். அடுத்த ஆசை பிறக்கும். பிறக்காவிட்டால் சலிப்பு வந்து உட்காரும். நோவுக்கும் சலிப்புக்கும் நடுவே ஊசலாடுவதே வாழ்க்கை என்று முடிக்கிறார்.

இன்பம் என்பது துன்பம் நீங்கிய நிலை மட்டுமே என்ற கண்ணியில்தான் எல்லாம் தொங்குகிறது. அது உறுதியானதல்ல. வழியில் திடீரென்று வரும் மல்லிகை மணத்துக்கு முன்னால் எந்த ஏக்கமும் இருந்ததில்லை. நறுமணத்தை வைத்து பிளேட்டோ எப்போதோ இதைச் சொல்லிவிட்டார். இசையில் ஆழ்ந்திருக்கையில் ஆசை அடங்குகிறது என்று ஷோப்பன்ஹவரும் ஒப்புக்கொள்கிறார்.

வாதம் முழுவதும் சரியென்றே வைத்துக்கொண்டாலும், 'ஆகவே சாகலாம்' என்பது அதிலிருந்து வராது. தற்கொலையை அவர் ஏற்கவில்லை: சாக நினைப்பவர் வாழ்க்கையை விரும்புகிறார், தனக்கு வாய்த்த நிலைமையைத்தான் வெறுக்கிறார் என்பது அவர் விளக்கம். பிறர் நோவைத் தன் நோவாக உணரும் இரக்கமே அறத்தின் வேர் என்றும் எழுதினார்.

நம்மிடம் புறநானூறு 194 இருக்கிறது. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. இப்படிப் படைத்தவனைப் 'பண்பிலாளன்' என்று ஏசிவிட்டு, 'இன்னாது அம்ம இவ்வுலகம்; இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே' என்கிறார் பக்குடுக்கை நன்கணியார். உலகம் இன்னாதது, அதாவது துன்பமானது, என்பதை அவர் மறுக்கவே இல்லை. அதை அறிந்தவரைப் பார்த்துத்தான் 'இனிய காண்க' என்கிறார். எனக்கு இது ஷோப்பன்ஹவரைவிடத் துணிவான முடிவாகப் படுகிறது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். 'உலகம் துன்பமயம்' என்பது ஒரு கருத்து, அதோடு விவாதிக்கலாம். தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்ததெல்லாம் கசந்து இரண்டு வாரம் கடந்தால் அது நோயாக இருக்கலாம், வைத்தியரைப் பாருங்கள். சாகும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திராமல் 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

வாசகர், கொட்டாஞ்சேனை: புத்தர் சொன்னதும் இதுதானே?

பாதிதான். புத்தர் சொன்ன நான்கு உண்மைகளில், துக்கம், அதன் காரணமான வேட்கை என்ற முதலிரண்டும் பொருந்துகின்றன. ஆனால் புத்தர் துக்கம் ஒழியும் என்கிறார், அதற்கு எட்டு அங்கங்கள் கொண்ட வழியையும் வகுக்கிறார். ஷோப்பன்ஹவர் ஆசையைத் துறக்கச் சொன்னாரே தவிர, நாளாந்தப் பயிற்சியாக எதையும் வகுத்துத் தரவில்லை.