ஐயாயிரம் ரூபாயில் ஒரு வேளாண் வகுப்பு

"எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குக் காய்கறித் தோட்டம் போட ₹5,000 கிடைக்கும் என்கிறார்கள். வளாகத்தில் பாதி சிமெண்ட் தளம். ஒரு பக்கம் சுற்றுச்சுவர் இல்லை. இந்தத் தொகையில் பிள்ளைகளுக்கு வேளாண்மையைப் பாடமாகக் கற்பிக்க முடியுமா, நாலு செடி நட்டுப் படம் எடுப்பதோடு முடிந்துவிடுமா?" என்று புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்.

முடியும், டீச்சர். முதலில் பணத்தைப் பார்ப்போம். பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2019-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மதிய உணவுத் திட்டத்தின் புதுமுயற்சி நிதியிலிருந்து பள்ளிக்கு ₹5,000 என்பது அதில் உள்ள தொடக்கத் தொகை. இத்தனை சென்ட் நிலம் வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. மண்சட்டி, தகரப் பெட்டி, மாவுச் சாக்கு, மொட்டைமாடி என எதிலும் வளர்க்கலாம் என்கிறது. ஆகவே சிமெண்ட் தளம் உங்களுக்குத் தடையே அல்ல. உங்கள் பள்ளிக்கு ஒதுக்கீடு உண்டா என்று ஒன்றிய அலுவலகத்தின் சத்துணவுப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகலையும் இணைத்துக் கொடுங்கள்.

பணம் கைக்கு வந்ததும் நாற்று வாங்க ஓடாதீர்கள். நான் பார்த்த ஒரு பள்ளியில் மொத்தப் பணத்துக்கும் நாற்றும் பூச்சட்டியும் வாங்கினார்கள். திறப்பு விழாவும் நடந்தது. மூன்றாம் வாரம் ஆடு புகுந்து மேய்ந்துவிட்டது. மிஞ்சியதை மே மாத வெயில் தின்றது. அந்தப் பிள்ளைகள் வெறும் சட்டிகளைக் காட்டியதை இன்னும் மறக்க முடியவில்லை. உங்களுக்கும் சுவர் இல்லை. எனவே பாதிப் பணத்தை வேலிக்கே ஒதுக்குங்கள். சவுக்குக் கம்பு நட்டுப் பழைய மீன்வலையைக் கட்டினால் போதும். அதையொட்டி மழைக்காலத்தில் கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைகளை) ஊன்றிவிட்டால் வலை நைவதற்குள் உயிர்வேலி எழுந்துவிடும். மீதியில் மண்வெட்டி, பூவாளி, தொழுவுரம் வாங்குங்கள். விதைக்குப் பெரிய செலவு வராது. தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள், ஊரில் விதை எடுத்து வைத்திருக்கும் பாட்டிகளையும் கேளுங்கள்.

இனி பாடம். விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பு 50 தட்டைப்பயறு விதைகளை எண்ணி எடுத்து, ஈரத்துணியில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி வையுங்கள். துணி காயாமல் தெளிப்பது பிள்ளைகள் பொறுப்பு. எட்டாம் நாள் விரித்தால் வெள்ளை வேர்கள் துணி இழைகளைப் பற்றிக்கொண்டிருக்கும். 40 முளைத்திருந்தால் முளைப்புத் திறன் 80 விழுக்காடு. ஏழாம் வகுப்புக் கணக்கு அதிலேயே நடந்துவிடுகிறது. முளைக்காத பத்தும் ஏன் முளைக்கவில்லை என்று ஒரு பிள்ளை கேட்கும் பாருங்கள், அன்றுதான் வேளாண் பாடம் தொடங்குகிறது. இன்னொரு நாள், ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் கண்ணெதிரே அடியில் படியும். அதன்மேல் வண்டல் சில மணி நேரத்தில் இறங்கும். களிமண் படிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அடுக்குகளை அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். தன் வீட்டு வயலின் மண்ணைக் கொண்டுவர எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசை வரும்.

பள்ளி நாட்காட்டியோடு பட்டத்தை, அதாவது விதைக்கும் பருவத்தை, பொருத்திக்கொள்ளுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பள்ளிக்கும் பொருந்துகிறது. ஆடியில் விதைத்த கீரை ஒரு மாதத்தில் அறுவடைக்கு வரும். வெண்டை காலாண்டுத் தேர்வுக்குள் காய்க்கத் தொடங்கிவிடும். மதிய உணவுக்குப் பின் கை கழுவும் தண்ணீரை ஒரு வாய்க்காலில் விட்டு அதன் கடைசியில் வாழை வையுங்கள். கோடை விடுமுறையைத் தாங்க முருங்கையும் கறிவேப்பிலையும் போதும், வேர் பிடித்துவிட்டால் அதிகம் தண்ணீர் கேட்காதவை. பூச்சி, நோய்ச் சந்தேகங்களுக்கு மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள். இந்தியாவின் முதல் நிலையம் 1974-இல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கியது. உழவர்களுக்குச் செய்முறை வழியே கற்பிப்பது அந்த நிலையத்தாரின் வேலை, ஒரு நாள் பள்ளிக்கு வரச் சொல்லிக் கேளுங்கள்.

ரசீதுகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அறுவடை நோட்டை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். தேதி, காய், எடை, சத்துணவுக் கூடத்தில் வாங்கிக்கொண்டவர் கையெழுத்து என்று நான்கு கட்டங்கள் போதும். அடுத்த ஆண்டு நிதி கேட்கும்போது விண்ணப்பத்தோடு அந்த நோட்டின் நகலை வையுங்கள்.