ஆறு டன் ஆக்ஸில்னா ஆறு டன் உப்பு ஏத்தலாமா?

கேள்வி: வணக்கம் சார், வாலிநோக்கத்துலருந்து எழுதுறேன். இத்தன வருசமா சீமைக்கருவேல கரி மூட்டைதான் டிராக்டர்ல அடிச்சிட்டு இருந்தேன், இப்ப உப்பளத்து லோடு கிடைக்குதேன்னு பழைய ரெண்டு சக்கர டிரெய்லர் ஒண்ணு வாங்கிருக்கேன். வித்தவரு இது ஆறு டன் ஆக்ஸில் (சக்கரம் மாட்டுற அச்சு), 50 கிலோ மூட்டை 120 தாராளமா ஏத்தலாம்னு சொல்றாரு. நம்பி ஏத்தலாமா?

பதில்: ஏத்தாதீங்க தம்பி. ஆறு டன்ங்கிறது அந்த ஆக்ஸில் தாங்குற மொத்த பாரம், அதுல உங்க வண்டியோட சொந்த எடையும் அடக்கம். மொதல்ல வெறும் டிரெய்லர எடை மேடையில ஏத்திப் பாருங்க, தொட்டி, சேசிஸ், ஸ்பிரிங் பட்டை, சக்கரம் எல்லாம் சேந்து ஒன்றரை டன் வருதுன்னு வைங்க, ஆறுல அது போனா மிச்சம் நாலரை.

அதோட முடியல, டயருக்கு வாங்க. டயர் பக்கவாட்டுல 140/137 மாதிரி ஒரு நம்பர் போட்டிருக்கும், 140ன்னா டயர் ஒத்தையா நிக்கிறப்ப 2,500 கிலோ தாங்கும், 137ன்னா ஜோடியா மாட்டுனா ஒவ்வொண்ணும் 2,300 கிலோ. உங்களுது பக்கத்துக்கு ஒண்ணுதானே, அந்த நம்பரே இருந்தாலும் ரெண்டும் சேந்து அஞ்சு டன்தான், அதுவும் காத்து சொன்ன அளவுக்கு முழுசா இருந்தாத்தான். அஞ்சுல ஒன்றரை போனா மூன்றரை டன், 70 மூட்டை. அவரு சொன்ன 120 மூட்டைய ஏத்தினா வண்டியோட சேத்து ஏழரை டன் ஆயிடுது, ஆக்ஸிலும் தாங்காது டயரும் தாங்காது. ஸ்பிரிங் பட்டை, ஹப் (சக்கரத்தோட நடுக் குடம்) உள்ள இருக்க பேரிங், ரிம் எதுலயும் இதே கணக்குதான், எது எல்லாத்தவிட கம்மியா தாங்குதோ அதுதான் உங்க வண்டியோட அளவு. ஆர்சி புக்குல போட்டிருக்க மொத்த எடை இதவிட கம்மியா இருந்தா அதுக்கு மேல ஒரு மூட்டை கூட போடாதீங்க, 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஓவர்லோடுக்கு 20,000 ரூபா அபராதம், கூடுதலா ஏத்துன ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, எறக்குற கூலியும் உங்க தலையிலதான்.

எனக்கு பயமே நீங்க கரி ஏத்திப் பழகின ஆளுங்கிறதுதான். கரி தொட்டி மேல கூம்பா குவிச்சாலும் எடை வராது, உப்பு ஒரு கன மீட்டரே ஒரு டன்னத் தாண்டும், பாத்தியிலருந்து புதுசா வாரின ஈர உப்புன்னா இன்னும் கனம். கண்ணு பாதி தொட்டி காலியா இருக்குன்னு சொல்லும், கண்ண நம்பாதீங்க.

இன்னொண்ணு, ரெண்டு சக்கர டிரெய்லர்ல பாரத்துல ஒரு பங்கு டிராக்டர் கொக்கியில உக்காரும். லோடோட போறப்ப டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில நிக்கிற மாதிரி நிறுத்தி எடை போட்டா ஆக்ஸில் மேல எவ்வளவுன்னு தனியா தெரியும். மூட்டைய ரொம்ப முன்னாடி தள்ளினா டிராக்டர் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது, பின்னாடி தள்ளினா கொக்கிய மேல தூக்கும், வண்டி பாம்பு மாதிரி ஆடும். அச்சுக்கு மேலயும் கொஞ்சம் முன்னாலயும் பரத்தி அடுக்குங்க.

பழைய வண்டிங்கிறதால கட்டாயம் ஹப்ப கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, பேரிங் உக்கார்ற ஸ்டப்போட, அதாவது ஆக்ஸில் முனைத் தண்டோட, தோள்பட்டையில துரு குழிகுழியா அரிச்சிருந்தா அந்த ஆறு டன்ங்கிறதுக்கே அர்த்தம் இல்ல, விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். என் சொந்த வண்டியிலயே ஈசிஆர்ல ஸ்டப் முறிஞ்சு சக்கரம் தனியா உருண்டு போச்சு, எதிர்ல பைக்ல குடும்பத்தோட வந்தவரு தப்பிச்சது தெய்வாதீனம், இன்னைக்கும் நெனச்சா எனக்கு கை நடுங்கும். பட்டறையில பெயிண்ட் அடிச்சு பளபளன்னு குடுத்திருந்தாங்க, உள்ள பாக்காம வாங்கினது என் தப்பு.

கேள்வி: தொண்டியில ஃபைபர் படகு வச்சிருக்கேன், டிரெய்லர்ல கரைக்கு கொண்டு போறோம். பேரிங் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா போயிடுது, லோடு ஜாஸ்தியா?

பதில்: படகோட இன்ஜின், வலை, ஐஸ் பெட்டி, டீசல் எல்லாத்தையும் சேத்து எடை போட்டீங்களா, வெறும் படகு எடைய மட்டும் வச்சு டிரெய்லர் வாங்கிடுறாங்க, அத மொதல்ல பாருங்க. எடை சரியா இருந்தா கோளாறு தண்ணிதான். ரோட்ல ஓடி வந்து ஹப் சூடா இருக்கும், அப்படியே கடல்ல எறக்கினா உள்ள இருக்க காத்து சட்டுனு சுருங்கி உப்புத்தண்ணிய சீல் வழியா உள்ள இழுத்துக்கும். கிரீஸ் பால் கலந்த மாதிரி வெளுத்துப் போயிருந்தா அதேதான். எறக்குறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் நிறுத்தி ஆற விடுங்க, ஏத்தி வந்ததும் நல்ல தண்ணியில கழுவுங்க, சீல மாத்தி தண்ணிக்கு தாங்குற கிரீஸ் போடுங்க.